பிள்ளையோடு போனால் திருப்பி அனுப்பமாட்டார்களா?

உங்கள் கேள்வி, அக்காவின் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. அதனால் சமையல், பென்ஷன், காணி உறுதி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல் மாகாணத்துக் கரையோர நீதவான் நீதிமன்றங்களில் 26 வருடம் தமிழ், சிங்கள மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சட்டத்தரணி இல்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நின்று கேட்டதை வைத்தும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததை வைத்தும்தான் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, நான் முல்லைத்தீவுப் பக்கம். 11 வயது மகளோடும் 7 வயது மகனோடும் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் மூன்று கிழமையாக நிற்கிறேன். கணவர் 2019இல் பிரான்ஸ் போனார். 2023இல் அவருடைய அகதிக் கேஸை ஏற்று பத்து வருடக் கார்ட் கொடுத்துவிட்டார்கள். ஏஜென்சிக்காரர் எங்களை முதலில் விசிட் விசாவில் டுபாய்க்கு அனுப்புவாராம். அங்கே வேறு பாஸ்போர்ட் தருவாராம். அதில் பிள்ளைகளுக்கு வேறு பெயர், கூட வருகிற ஒருவர் அப்பா. "பிள்ளையை முன்னுக்கு விட்டால் எந்த நாட்டுக்காரனும் திருப்பி அனுப்பமாட்டான்" என்கிறார். 70 லட்சம் பேசி 20 லட்சம் கட்டிவிட்டோம். முறைப்படி ஸ்பொன்சரில் போனால் ஏழு வருடம் செல்லும் என்றும் சொல்கிறார். போகலாமா?
– பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்: போகாதீர்கள், தங்கச்சி.

காரணத்தைச் சொல்வதற்கு முன் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடத்துக்கு முந்திய கதை. விமான நிலையத்தில் பிடிபட்ட ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும், அப்பா என்று கூட வந்த ஒருவரையும் பின்னேரம் நாலு மணி போல் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். கைக்குழந்தைக்குப் பத்து மாதம் இருக்கும். மூத்தது பெண், ஆறு வயது. நடந்தால் குதியில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிற சப்பாத்துப் போட்டிருந்தாள். பயணத்துக்கென்று புதிதாக வாங்கியது, விலை ஒட்டின தாள்கூட அடியில் பாதி இருந்தது. நீதவான் கோபமாகக் கேட்கவில்லை. "பிள்ளையின் பெயர் என்ன?" என்று சிங்களத்தில் மெதுவாகத்தான் கேட்டார். நான் குனிந்து தமிழில் கேட்டேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் நிலத்தைப் பார்த்தார். பிறகு என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அன்ரி, எந்தப் பேரைச் சொல்ல?"

மொழிபெயர்ப்பாளருக்குச் சத்தியப்பிரமாணம் இருக்கிறது. மன்றில் சொல்லப்படும் எதையும் விட முடியாது, கூட்ட முடியாது. அந்த நாலு சொல்லையும் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. தாய்க்கு 14 நாள் விளக்கமறியல். கைக்குழந்தை தாயோடு உள்ளே போயிற்று. மூத்தவளைக் கூட்டிப்போகக் கொழும்பில் உறவினர் ஒருவரும் இல்லை. அன்றிரவு நன்னடத்தை அதிகாரியோடு அனுப்பினார்கள். மங்கின வெளிச்சத்தில் படியிறங்கும்போது சப்பாத்து மட்டும் மின்னி மின்னிப் போயிற்று.

உங்கள் ஏஜென்சிக்காரர் சொல்வது நேர்மாறானது என்று சொல்லத்தான் இதை எழுதினேன். பிள்ளை கூட இருந்தால் அதிகாரிகள் கண்ணை மூடிக்கொள்வதில்லை. இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள். பிள்ளைகளை வேறு பெயரில் கடத்தி விற்கிற மனித வியாபாரம் உலகம் முழுக்க நடக்கிறது. அதனால் முகம் ஒத்துவராத அப்பா, கேட்டதற்கு ஒப்புவித்ததுபோல் பதில் சொல்கிற பிள்ளை என்றால் உடனே தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கப் பழக்கியிருக்கிறார்கள். பெரியவர்களிடம் கேட்பதை விடுத்து முதலில் பிள்ளையிடம்தான் கேட்பார்கள். உங்கள் 7 வயது மகன் எத்தனை மணித்தியாலம் புதுப் பெயரோடு இருப்பான்? பசித்தால், நித்திரை வந்தால், "அம்மா" என்று உங்களைத்தானே தேடுவான்?

சரி, விமானத்தில் ஏறும் இடத்துக்கு வருவோம். உங்களைத் தடுப்பவர் பெரும்பாலும் பிரான்ஸ் பொலிஸ்காரர் இல்லை, செக்-இன் மேசையில் இருக்கிற விமானக் கம்பனிப் பிள்ளை. சரியான பத்திரம் இல்லாத ஒருவரை ஏற்றிச் சென்றால் கம்பனிக்குத் தண்டம். பிரிட்டனில் ஆளுக்கு 2,000 பவுண். ஐரோப்பிய நாடுகளில் ஆயிரக்கணக்கில் யூரோ. போதாததற்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அவர்கள் தலையில். அதனால்தான் அந்த மேசையில் பாஸ்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள், நகத்தால் சுரண்டிப் பார்க்கிறார்கள். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளின் விமான நிலையங்களில் விமானம் மாறுவதற்காக உள்ளே உட்கார்ந்திருப்பதற்குக்கூட விசா எடுக்க வேண்டிய 12 நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இலங்கையும் இருக்கிறது. "அங்கே இறங்கி நடந்து போனால் சரி" என்று எந்த ஏஜென்சிக்காரர் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அதையும் தாண்டிப் பாரிஸ் போய் இறங்கிவிட்டீர்கள் என்றே வைப்போம். ரொய்சி விமான நிலையத்தில் உள்ளே விடாதவர்களை வைத்திருக்கும் காத்திருப்பு வலயம் இருக்கிறது. 20 நாள் வரை வைத்திருக்கலாம், சில நிலைமைகளில் 26 நாள் வரையும் போகும். "பிரான்சில் பிள்ளைகளை இப்போது அடைப்பதில்லை, சட்டமே வந்துவிட்டது" என்று சிலர் சொல்வார்கள். அரை உண்மை. சிறு பிள்ளைகளோடு ஒரு குடும்பத்தை அடைத்து வைத்ததற்காக 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்சைக் கண்டித்தது. 2024 ஜனவரியில் வந்த சட்டம் நாடுகடத்தலுக்காக வைத்திருக்கும் தடுப்பு நிலையங்களில் பிள்ளைகளை வைக்கக்கூடாது என்றது. ஆனால் விமான நிலையத்துக் காத்திருப்பு வலயம் அந்தத் தடைக்குள் வரவில்லை. நீங்கள் போய் நிற்கப்போவது அங்கேதான்.

வழியில் வேறு ஐரோப்பிய நாட்டில் பிடிபட்டால் அங்கே விரல் அடையாளம் எடுப்பார்கள். முன்பு அது 14 வயதில் இருந்துதான். 2024இல் நிறைவேற்றிய புதிய விதி, 2026 ஜூன் 12 முதல், 6 வயதிலிருந்தே எடுக்கச் சொல்கிறது. உங்கள் மகனுக்கு 7. பொய்ப் பெயரோடு அவன் விரல் ஒரு கணினியில் ஏறினால் அது வருடக்கணக்காக அங்கேயே இருக்கும்.

இப்போது நான் உங்களுக்கு மிக முக்கியமாகச் சொல்ல வந்தது. கணவருக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்திருந்தால் உங்களுக்கு நேர்வழி திறந்திருக்கிறது. ஏஜென்சிக்காரர் சொல்கிற "ஸ்பொன்சர்", சாதாரணமாகக் குடியேறினவர்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுவது. அதற்குச் சம்பளம் இவ்வளவு, வீடு இவ்வளவு சதுர மீற்றர் என்று கேட்பார்கள். அகதியாக ஏற்கப்பட்டவரின் குடும்பத்துக்கு அது இல்லை. அவர்களுக்குத் தனியான குடும்ப இணைவு முறை. வீடு, சம்பளம் காட்டச் சொல்லமாட்டார்கள். அவர் அகதிக் கோரிக்கை கொடுப்பதற்கு முன் நடந்த கல்யாணமாக இருக்க வேண்டும், பிள்ளைகள் 19 வயதாகாதவர்களாக இருக்க வேண்டும். நீங்களே இங்கே கொழும்பில் நீண்டகால விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஏழு வருடம் என்பது பயமுறுத்தல். காத்திருக்கத்தான் வேண்டும், மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேலும். ஆனால் அந்தக் காலம் முழுக்க உங்கள் பிள்ளைகள் தங்கள் பெயரோடு தங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். மறுத்தால் மேன்முறையீடும் உண்டு. அங்கேயுள்ள விசா ஆணைக்குழுவுக்கு முதலில், பிறகு நான்ட் நகர நிர்வாக நீதிமன்றத்துக்கு.

ஒரு விஷயத்தைக் கணவரிடம் இன்றைக்கே கேளுங்கள். கேஸ் எழுதும்போது "கல்யாணம் ஆகியிருக்கிறது, இரண்டு பிள்ளைகள்" என்று எழுதினாரா? சிலர் யாரோ சொன்னதைக் கேட்டு "தனி ஆள்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியென்றால் ஒப்ரா என்கிற அங்குள்ள அகதிகள் அலுவலகத்தில் இருக்கும் பதிவும் உங்கள் கல்யாணப் பதிவும் முட்டும். அதற்கும் வழி இருக்கிறது. அவர் ஒரு சட்டத்தரணியோடு போய் உண்மையைச் சொல்லித் திருத்த வேண்டும். நீங்கள் இங்கே கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, கணவர் மாதாமாதம் காசு அனுப்பின சிட்டைகள், வாட்ஸ்அப்பில் பிள்ளைகளோடு கதைத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போட்டு வையுங்கள். கல்யாணப் படத்தையும் வையுங்கள். பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் இப்போதே பிரதேச செயலகத்தில் திருத்துங்கள். ஆனால் போலிப் பாஸ்போர்ட்டோடு ஒருமுறை பிடிபட்டீர்கள் என்றால் இந்த உண்மைப் பத்திரங்களையும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்கள். என் பயமெல்லாம் அதுதான்.

கட்டின 20 லட்சம். தாலிக்கொடி ஈடு வைத்தும் சீட்டு எடுத்தும் சேர்த்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதை மீட்கப் போராடலாம். ஆனால் அந்த 20 போய்விடுமே என்ற பயத்தில் மிச்ச 50ஐயும் கட்டிவிடாதீர்கள். முதலில் உங்கள் சொந்தப் பாஸ்போர்ட்டுகள் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். அவரிடம் என்றால் ஏதாவது காரணம் சொல்லி வாங்குங்கள். வாங்கின பிறகு புதுக்கடை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். கொட்டாஞ்சேனையில் இருந்து நடை தூரம்தான், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணியை அவர்களே தருவார்கள்.

கேள்வி: பிள்ளைகள் இருந்தால் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்பது பொய் என்கிறீர்கள். அவுஸ்திரேலியாவில் பிலோயிலா என்ற சின்ன ஊரில் இருந்த தமிழ்க் குடும்பத்துக்கு நிரந்தர விசாவே கொடுத்தார்களே?
– ஒரு வாசகர், மட்டக்குளி

பதில்: கொடுத்தார்கள், 2022 ஆகஸ்டில். அதற்கு முன் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாயும் தகப்பனும் 2012இலும் 2013இலும் வெவ்வேறு படகுகளில் போனவர்கள். அங்கேதான் சந்தித்துக் கல்யாணம் செய்தார்கள், இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். அங்கே பிறந்ததால் அந்தப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைக்கவில்லை. 2018 மார்ச் 5 விடியற்காலை வீட்டுக்கு வந்து நால்வரையும் கொண்டுபோனார்கள். இளையவளுக்கு அப்போது ஒன்பது மாதம். மெல்பேர்ணில் தடுப்பு. 2019 ஆகஸ்டில் இலங்கைக்கு விமானத்திலேயே ஏற்றிவிட்டார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றத் தடை உத்தரவு வந்து டார்வினில் இறக்கினார்கள். பிறகு கிறிஸ்மஸ் தீவு. 2021 ஜூனில் இளையவள் கடும் காய்ச்சலில் விழுந்து, இரத்தத்தில் கிருமி ஏறி, பேர்த் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நாலு வயது நிரம்பப் போகிற பிள்ளை, தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் காவலாளிகளோடு கழித்திருந்தது.

அவர்களை மீட்டது பிள்ளைகள் என்ற காரணம் இல்லை. அந்தச் சின்ன ஊர்ச் சனங்கள் வருடக்கணக்காக விடாமல் போராடினார்கள். 2022 மேயில் ஆட்சி மாறியது, புதிய அரசு விசா கொடுத்தது. அந்த ஊர்க்காரருக்கு நான் கைகூப்புகிறேன். ஆனால் இதை ஒரு வழியாக நினைத்துப் படகு ஏற வேண்டாம். 2013 ஜூலை 19இல் இருந்து படகில் வருகிற ஒருவரையும் அவுஸ்திரேலியாவில் குடியேற்றுவதில்லை என்று அந்த நாடு அறிவித்துவிட்டது. பிலோயிலா பெற்றோர் அதற்கு முன் போனவர்கள். 2014இல் புதுச்சேரியில் இருந்து புறப்பட்ட 157 தமிழர்களை, பிள்ளைகளும் உட்பட, ஏறக்குறைய ஒரு மாதம் நடுக்கடலில் சுங்கக் கப்பலுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 2015 ஜனவரியில் அங்குள்ள உயர்ந்த நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அது சட்டப்படி சரி என்றது. அந்தப் பிள்ளைகளை 2014 ஆகஸ்டிலேயே, அவுஸ்திரேலிய மண்ணில் சில நாள் மட்டும் வைத்துவிட்டு, நவுருத் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கேள்வி: அண்ணன் குடும்பம் அஜ்மானில். விசிட் விசா முடிந்து நாலு மாதம். பிள்ளைகளுக்கும் தண்டம் வருமா?
– கொழும்பு 13

பதில்: வரும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 திர்ஹம். தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் ஒரு நாளைக்கு 200. நாலு மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் 24,000 திர்ஹமைத் தொடுகிறது. 2024 செப்டெம்பர் முதல் டிசெம்பர் முடிய அந்த நாடு பொதுமன்னிப்புக் கொடுத்தது. இன்னொன்று வரும் என்று பார்த்திருந்தால் கணக்கு ஏறிக்கொண்டே போகும். இன்றைக்கே டுபாயில் உள்ள நமது துணைத் தூதரகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: 2022இல் சாமான் விலை ஏறி, பால்மா இல்லாமல், என் தங்கச்சி குடும்பம் மன்னாரில் இருந்து படகில் தனுஷ்கோடி போயிற்று. இப்போது மண்டபம் முகாமில். அங்கே ஒரு பிள்ளையும் பிறந்திருக்கிறது. திரும்பி வர ஆசைப்படுகிறார்கள். வந்தால் பிடிப்பார்களா? அங்கேயே இருந்தால் சட்டப் பிரச்சினை வருமா?
– பேசாலையைச் சேர்ந்தவர், தற்போது கொழும்பு 15

பதில்: அந்த நாட்களை மறக்க முடியாது. படகோட்டி மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போக, பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற படங்களைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன்.

இந்தியா அகதிகள் சமவாயத்தில் கையெழுத்து வைக்காத நாடு. அதனால் அங்கே அகதி என்பது அரசாங்கம் பார்த்துக் கொடுக்கும் இடம்தான். 2025 செப்டெம்பரில் அங்கே புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு வந்த விலக்குக் கட்டளை, 2015 ஜனவரி 9 வரை போய்ப் பதிந்த இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்கிறது. உங்கள் தங்கச்சி போனது 2022. அந்தத் திகதிக்குள் அவர்கள் வரவில்லை. முகாமில் இருந்து பிடித்து அனுப்புவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் காலடியில் இருக்கிற நிலம் 1990இல் போனவர்களின் நிலம் போன்றதில்லை என்பதை அவர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வருவதென்றால் இரண்டு காரியம். முதலாவது, அங்கே பிறந்த பிள்ளை. தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு சென்னையில் உள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தில் பிள்ளையின் பிறப்பைப் பதிந்து, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் வம்சாவழிக் குடியுரிமைப் பத்திரம் எடுக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடக்கூடாது. பத்திரமில்லாத பிள்ளை இரண்டு நாட்டுக்கும் இல்லாத பிள்ளையாகிவிடும். மலையகத்தில் எத்தனை தலைமுறை அப்படிக் கிடந்தது என்று நமக்குத் தெரியாதா?

இரண்டாவது, உங்கள் பயம். அது வீண் பயம் இல்லை. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் நிறுவனத்தின் உதவியோடு முறைப்படி திரும்பி வந்த ஒரு முதியவரையே, முன்பு அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். பெரிய எதிர்ப்பு எழுந்தது. குண்டுக்குப் பயந்து ஓடினவரிடம் ஏன் துறைமுகத்தில் முத்திரை குத்தவில்லை என்று கேட்பது எந்த நியாயம்? அந்தக் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். போரும் பட்டினியும் அதற்குத் தெரியாது. தெரியும்படி அதைத் திருத்த வேண்டியது பாராளுமன்றம். அதுவரை தங்கச்சி குடும்பம் புறப்படும் திகதிக்கு முன்பே இங்கே ஒரு சட்டத்தரணியிடம் சொல்லி வையுங்கள், அவர்கள் இறங்கும் நேரத்தில் அவர் தொலைபேசியில் இருக்கட்டும். படகில் மட்டும் திரும்ப வேண்டாம். அப்படி வந்தால் முதல் குற்றத்தோடு இரண்டாவதும் சேரும்.

கேள்வி: இந்தப் பத்தியை வாசிக்கும்போதெல்லாம் நீங்கள் சட்டத்தின் பக்கம் நிற்பதாகவே தெரிகிறது. 83இலும் 2009இலும் எங்கள் சனம் விசாவுக்குக் காத்திருந்தால் எத்தனை பேர் உயிரோடு மிஞ்சியிருப்பார்கள்? ஓடுகிறவனுக்குத்தான் வலி தெரியும்.
– வெள்ளவத்தை

பதில்: 83 ஜூலையில் நானும் வெள்ளவத்தையில்தான் இருந்தேன். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன் அறையில் இரண்டு நாள் ஒளித்து வைத்திருந்தார். பிறகு அகதி முகாம், பிறகு சரக்குக் கப்பலில் காங்கேசன்துறை. அந்தக் கப்பல் ஒரு வேற்று நாட்டுக்குப் போயிருந்தாலும் அப்பா எங்களை ஏற்றியிருப்பார். ஒருவரும் விசா கேட்டிருக்க மாட்டோம். அதனால் உயிருக்கு ஓடுகிறவரைப் பார்த்து "வரிசையில் நில்" என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். 1951ஆம் ஆண்டு அகதிகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரையே அதைத்தான் சொல்கிறது. உயிராபத்தில் இருந்து நேராக ஓடிவந்து, தாமதிக்காமல் அதிகாரிகளிடம் போய்ச் சொன்னவரை, பத்திரமில்லாமல் வந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது.

சட்டத்தின் பெயரில் நாடுகள் செய்கிறதெல்லாம் சரி என்றும் நான் நினைக்கவில்லை. அமெரிக்கா 2018இல் எல்லை தாண்டின ஒவ்வொரு பெற்றோர் மீதும் வழக்குப் போட்டது. பெற்றோர் சிறைக்குப் போனதும் பிள்ளை "துணையில்லாத பிள்ளை" என்று கணக்காகி வேறு மாநிலத்துக்குப் போயிற்று. ஆயிரக்கணக்கான பிள்ளைகள். ஜூன் 20இல் நிறுத்தினார்கள். ஆனால் எந்தப் பிள்ளை எந்தத் தாயின் பிள்ளை என்று ஒழுங்கான பதிவு இருக்கவில்லை. பேசத் தெரியாத வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நம் சனத்தையே பாருங்கள். 2021 ஒக்டோபரில் கனடா போகப் புறப்பட்டுப் படகு பழுதாகி, இந்து சமுத்திரத்தில் பிரிட்டனின் பொறுப்பில் இருந்த டியேகோ கார்சியாத் தீவில் ஒதுங்கினவர்களை, பிள்ளைகளோடு, 2024 டிசெம்பர் வரை கூடாரங்களில் வேலிக்குள் வைத்திருந்தார்கள். அந்தத் தடுப்பு சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொன்னபோது மூன்று வருடம் போயிருந்தது. இவை கொடுமைகள். அப்படியே எழுதுகிறேன்.

என் கோபம் வேறு ஒருவர் மீது. உயிராபத்தில் நிற்கிற தாயிடம் வந்து, "உன் பிள்ளைதான் உனக்கு டிக்கெட்" என்று சொல்லி 70 லட்சம் கேட்கிறவர் மீது. "அன்ரி, எந்தப் பேரைச் சொல்ல" என்று கேட்ட பிள்ளையின் வார்த்தையைத் தாய்க்கு எதிரான சாட்சியாக்கின வாய் இந்த வாய்தான். அன்றைக்கு இரவு நான் சாப்பிடவில்லை. ஒவ்வொரு மாதமும் இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அன்ரி, எனக்கு 15 வயது. அடுத்த வருடம் ஓ.எல். எழுத வேண்டும். அப்பாவும் மாமாவும் இரவில் ரகசியமாகக் கதைக்கிறார்கள். படகில் எங்கேயோ போகப் போகிறோம் போல. தங்கச்சிக்குச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவைக் காட்டிக்கொடுக்கவும் விருப்பமில்லை.
– மாணவன், வத்தளை

பதில்: மகன், கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பயப்படுவது தப்பில்லை. அப்பாவும் பயத்தில்தான் இருக்கிறார், கடன்காரருக்கோ வேறு எதற்கோ. அதனால்தான் இரவில் கதைக்கிறார்.

அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். பிறகு அப்பா தனியாக இருக்கும் நேரத்தில், மாமா இல்லாதபோது, "எனக்குத் தெரியும் அப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். தன் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது என்றதும் திட்டத்தைக் கைவிட்ட தகப்பன்மார் உண்டு, நானே அறிவேன். 2022 நவம்பரில் பழுதான படகில் தென்சீனக் கடலில் தத்தளித்து வியட்நாமுக்குக் கொண்டுபோகப்பட்ட 300க்கு மேற்பட்ட நம் ஆட்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது. பள்ளிக்கூட நூலகத்தில் பழைய பத்திரிகை இருந்தால் எடுத்து அப்பா பார்க்கிற இடத்தில் வையுங்கள். நம் நாட்டில் 12 வயதுக்குக் கீழேதான் குற்றப் பொறுப்பு இல்லை. 15 வயது உங்களையும் விசாரிப்பார்கள் என்பது அப்பாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதையும் சொல்லுங்கள்.

புறப்படும் நாள் வந்துவிட்டது, தங்கச்சியைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போகிறார்கள் என்றால் 1929க்கு அழையுங்கள். அது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் கதைக்கலாம். தங்கச்சி கடலுக்குள் போகாமல் தடுப்பது காட்டிக்கொடுப்பது ஆகாது.

இன்னொன்று. ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை 10 மணிக்கு நான் இந்தப் பத்திரிகை அலுவலகத்தில் இருப்பேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். காசும் வேண்டாம், பெயரும் வேண்டாம். அவர் தனியாக வந்தாலும் சரி, வாசலில் "அக்கா இருக்கிறாவா" என்று கேட்டால் போதும்.